கக்கூசு எவ்விடத்தில் அமைய வேண்டும்?
கட்டட விதிகளைப் படித்தறியும் முறை: சாத்தூர் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

பாடத்தின் நோக்கம்

வீடு கட்டுவோர் பூஜை அறைக்கும் அடுப்பங்கரைக்கும் இடம் குறித்தபின், எஞ்சிய மூலையைக் கக்கூசுக்கு ஒதுக்குவது நம் நாட்டு வழக்கம். எஞ்சிய மூலை எதுவோ அதற்கருகிலேயே பெரும்பாலும் கிணறும் இருக்கும். நமது கிணறு இல்லையெனில் அண்டை வீட்டார் கிணறு இருக்கும். இவ்வாறு இடம் தவறிக் கட்டப்பட்ட கக்கூசு, கட்டாத கக்கூசைவிட அதிகக் கேடு விளைப்பதும் உண்டு. வெளியிற் கழிக்கும் மலம் வெயிலில் உலரவேனும் வழியுண்டு. கிணற்றருகே குழியில் இறங்கும் மலமோ ஒருவர் கண்ணிலும் படாமல் குடிஜலத்தில் கலக்கிறது.

இதனைத் தடுப்பதற்கென்றே கட்டட விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. விதிகள் இருந்தும் அவற்றின் பாஷை கடினமாயிருப்பதால், ஜனங்கள் கொத்தனார் சொல்லையே விதியாகக் கொள்கின்றனர். ஆகவே விதியை எவ்வாறு வாசிப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது, நமது கரிசல் மண்ணுக்கு அதை எவ்வாறு பொருத்துவது என்பவற்றை இப்பாடத்தில் முறையே கூறுவோம். சங்கத்துக் கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் தத்தம் மனையை மனத்திற்கொண்டு கேட்பது நலம்.

1. சட்டம், விதி, நெறித்தொகுப்பு

முதலாவதாக, நம் கைக்கு வரும் காகிதம் எவ்வகையினது என்பதை அறிதல் வேண்டும். இவை மூன்று வகைப்படும்.

சட்டம் என்பது சட்டசபை அல்லது பாராளுமன்றம் இயற்றுவது. நகரங்களுக்கு 1920-ஆம் வருஷத்திய மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கு மேல் வழங்கிவந்தது. 1998-ஆம் வருஷத்திய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்து அதன் ஸ்தானத்தைப் பெற்றது. கிராமங்களுக்கு 1994-ஆம் வருஷத்திய ஊராட்சிகள் சட்டம் உரியது. இவற்றோடு 1939-ஆம் வருஷத்திய பொதுச் சுகாதாரச் சட்டமும் உண்டு. இந்தியாவில் இவ்வகைச் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது சென்னை மாகாணமே என்பது நாம் பெருமையுடன் நினைவிற்கொள்ளத் தக்கது.

விதி என்பது சட்டம் தந்த அதிகாரத்தின்கீழ் அரசாங்கம் வகுப்பது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பவை நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஒருங்கே பொருந்துவன. சாத்தூர் நகரத்தார்க்கு ஒரு விதி, அடுத்த கிராமத்தார்க்கு வேறொரு விதி என்னும் பழைய நிலை இதனால் மாறியது.

நெறித்தொகுப்பு என்பது நிபுணர்கள் ஆராய்ந்து கூறும் அளவைகள். 2016-ஆம் வருஷத்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பும், செப்டிக் தொட்டியைப்பற்றி இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட 2470-ஆம் எண்ணுள்ள தர ஏடும் இவ்வினத்தைச் சார்ந்தவை. தேசிய நெறித்தொகுப்பு தானாகவே கட்டாயமாவதில்லை. மாநில விதியோ உள்ளாட்சியோ ஏற்கும் அளவிலேயே அது கட்டளையாகிறது. ஆயினும் கட்டளையன்று என்பதற்காக அதைப் புறக்கணிப்பது, வைத்தியர் சொல் சட்டமன்று என்று மருந்தை எறிவதற்கு ஒப்பாகும். கீழே கூறும் தூரங்கள் பெரும்பாலும் இந்நெறித்தொகுப்பிலுள்ளவை. உள்ளூர் அலுவலகம் இதனினும் கூடுதலாகக் கேட்டால் அதையே பின்பற்றுக.

2. சொல்லின் பொருளை முதலிற் காண்க

விதியை வாசிப்பதில் நேரும் தவறுகளிற் பெரும்பகுதி, ஒரு சொல்லை மற்றொன்றாகக் கொள்வதால் விளைவது. மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

செப்டிக் தொட்டி: அடியும் பக்கமும் ஜலம் கசியாவண்ணம் பூசப்பட்டது. மலம் இதனுள் அடியிற் படிந்து மக்குகிறது; மேலே தெளிந்த கழிவுநீர் மாத்திரம் வெளிச்செல்கிறது. தொட்டியின் கொள்ளளவு 1,000 லிட்டருக்கும், அகலம் 75 சென்டிமீட்டருக்கும், நீர்மட்டத்தின் கீழ் ஆழம் 1 மீட்டருக்கும் குறையலாகாது. நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீராழம் 1 மீட்டர் எனின் 1,125 லிட்டர் கொள்ளும். ஐவருள்ள சிறு குடும்பத்துக்கு இது போதும்.

உறிஞ்சு குழி: தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணில் ஊறவிடுவது. கசிவதே இதன் தொழில்.

கசிவுக் குழி: மலத்தையே நேராக ஏற்று, நீரை மண்ணில் விட்டு, கட்டியைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. இரட்டைக் குழிக் கக்கூசு இவ்வினம்.

நம் பக்கத்தில் சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடி பூசாமல் விட்டு, அதனைச் செப்டிக் தொட்டி என்று அழைக்கும் வழக்கம் மிகுதி. பெயர் எதுவாயினும் செய்கையையே விதி நோக்கும். அடியில்லாத உறைக்கிணறு தொட்டியன்று, அது குழி. ஆதலின் குழிக்குரிய தூரமே அதற்கும் பொருந்தும். பத்திரத்திலும் வரைபடத்திலும் தொட்டி என்று எழுதிவிடுவதால் ஜலத்தின் கசிவு நின்றுவிடாது.

3. தூரங்கள்

குடிஜலக் கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி, கழிவுக்குழி, துளைக் கக்கூசு ஆகியவை 18 மீட்டருக்குக் (சுமார் 59 அடி) குறையாத தூரத்தில் அமைதல் வேண்டும். எருக்குழி, குப்பைக்குழி, மண்கக்கூசு இவற்றிற்கு 15 மீட்டர் (சுமார் 49 அடி). மேலும் கிணறு இவற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருத்தல் வேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. தூரத்தை மாத்திரம் அளந்து மேடுபள்ளத்தை நோக்காதவர் விதியிற் பாதியையே படித்தவராவர்.

குடியிருக்கும் கட்டடத்திலிருந்து உறிஞ்சு குழி 6 மீட்டருக்குக் (சுமார் 20 அடி) குறையலாகாது. இது அஸ்திவாரம் நனைந்து வெடிக்காதிருப்பதற்காக.

செப்டிக் தொட்டியின் காற்றுக்குழாய் 5 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கட்டடம் 15 மீட்டருக்குள் இருந்தால் குழாய் அக்கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். குழாயின் வாயில் கொசுவலை கட்டுதல் இன்றியமையாதது.

இவ்விடத்தில் இரு நுட்பங்கள் கவனிக்கற்பாலன. முதலாவது, விதி கூறுவது குடிஜலம் எடுக்கும் எந்தக் கிணற்றையும் பற்றியது. நமது கிணற்றை மாத்திரமன்று. மதிலுக்கு அப்பால் அண்டை வீட்டார் கிணறு 10 அடியில் இருக்குமாயின், நமது மனையில் கிணறே இல்லை என்பது விடையாகாது. பூமிக்கடியிலுள்ள ஜலத்துக்கு எல்லைக்கல் கிடையாது. இரண்டாவது, தூரத்தைக் கிணற்றின் நடுவிலிருந்தன்றி, அதன் வெளிவிளிம்பிலிருந்து குழியின் வெளிவிளிம்பு வரையில் அளப்பதே பாதுகாப்பான முறை.

கிணற்றுக்கும் கடமைகள் உண்டு. தரைக்குமேல் 1 மீட்டர் உயரமுள்ள கைப்பிடிச் சுவர், சுற்றிலும் 1.8 மீட்டர் அகலத்துக்கு வெளிச்சரிவான தளம், தரைமட்டத்திலிருந்து கீழே 1.8 மீட்டர் ஆழம் வரை ஜலம் ஊடுருவாத பூச்சு ஆகியவை வேண்டும். கக்கூசைத் தூர வைத்துவிட்டுக் கிணற்றடியைச் சேறாக்கி வைத்தால் பயனில்லை.

4. அடிக்கணக்கில் அடங்கிய உயிர்கள்

இத்தூரங்கள் அலுவலகத்தாரின் கற்பனையோ எனச் சிலர் ஐயுறலாம். 1854-ஆம் வருஷம் லண்டன் மாநகரில் பிராடு வீதி என்னுமிடத்தில் வாந்திபேதி தோன்றி, சில வாரங்களில் 600-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. வைத்தியர் ஜான் ஸ்நோ என்பார் இறந்தோர் வீடுகளைப் படத்திற் குறித்து, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் ஜலத்தைக் குடித்தவர் எனக் காட்டினார். பின்னர் அப்பகுதிப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் என்பவர் ஆராய்ந்ததில், அக்கிணற்றை அடுத்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் கொட்டப்பட்ட கழிவுக்குழி ஒன்று வெளியாயிற்று. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி 3 அடிக்கும் குறைவு. குழியின் செங்கற்சுவரோ சிதைந்திருந்தது. 59 அடிக்கும் 3 அடிக்கும் உள்ள வித்தியாசம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

5. சாத்தூர் மண்ணுக்கு விதியைப் பொருத்துதல்

நெறித்தொகுப்பு நாடு முழுமைக்கும் எழுதப்பட்டது. அதனை நமது நிலத்துக்குப் பொருத்துவது நமது கடமை.

கரிசல் மண் ஈரத்தில் வீங்கும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரமான கரிசல் ஜலத்தை எளிதில் உறிஞ்சாது. குழி நிறைந்து முற்றத்தில் வழியும். வெடித்த கரிசலோ வடிகட்டாமலே கழிவுநீரை வெடிப்பின் வழியே தூரம் கொண்டுசெல்லக்கூடும். ஆகையால் கரிசலில் கசிவுக்குழி வெட்டும்போது, உறைச்சுவருக்கு வெளியே சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மணலோ, சரளையோ, சிறு ஜல்லியோ நிரப்ப வேண்டும் என்பது நிபுணர் கூறும் வழி.

வைப்பாற்றை அடுத்த பருமணற் பூமியில் நிலைமை வேறு. அங்கே குழி நிறைவதில்லை என்று மகிழ்கின்றனர். நிறையாத காரணம் யாதெனில், கழிவுநீர் வடிகட்டப்படாமல் விரைந்தோடுவதே. அத்தகைய இடத்தில் குழியின் அடியை மூடி, சுற்றிலும் 50 சென்டிமீட்டர் அகலத்துக்கு நுண்மணல் நிரப்புதல் வேண்டும்.

மண் எவ்வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. கழிவுநீர் ஊறவேண்டிய ஆழம் வரை 10 முதல் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு குழி தோண்டுக. அடியில் 5 சென்டிமீட்டர் மணல் அல்லது சரளை இடுக. ஜலம் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுக. மறுநாள் சரளைக்குமேல் 15 சென்டிமீட்டர் ஜலம் நிறுத்தி, 30 நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறதென்று அளக்க. 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் என்பதே கணக்கு. 30 நிமிஷத்துக்கு மேற்படாவிடில் உறிஞ்சு குழி தகும். 30-க்கு மேல் 60 வரை எனின், குழியை விடுத்துப் பரவு கால்வாய் வெட்டுக. 60-க்கு மேற்படின் மண்ணில் ஊறவிடும் முறையே தகாது. வடிகட்டும் தொட்டி முதலிய வேறு ஏற்பாடு வேண்டும். உதாரணமாக, 30 நிமிஷத்தில் 10 மில்லிமீட்டரே இறங்கினால், 25 மில்லிமீட்டருக்கு 75 நிமிஷம் ஆகும்; அந்நிலம் தகாதென்பது தெளிவு.

நிலத்தடி நீர்மட்டத்தைச் சித்திரையில் அளந்து திருப்தியடைதல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் கிணற்றில் ஜலம் எவ்வளவு ஏறி நிற்கிறதோ அதுவே கணக்குக்குரியது.

6. ஒரு மனையைக் கொண்டு கணக்கிடுதல்

தெருவை நோக்கி 30 அடி, உட்புறம் 60 அடி நீளமுள்ள மனை ஒன்றை எண்ணுவோம். பின்புறம் மேடு, தெருப்பக்கம் சரிவு. விதிப்படி கிணறு பின்மூலையில், உறிஞ்சு குழி முன்புறத்து எதிர்மூலையில். இரண்டும் 5 அடி விட்டமுள்ளவை. இரண்டும் எல்லைகளிலிருந்து 3 அடி தள்ளி அமைந்தவை. இவற்றின் நடுப்புள்ளிகளுக்கு நீளவாக்கில் 49 அடி, குறுக்குவாக்கில் 19 அடி. குறுக்குக் கோட்டில் ஏறத்தாழ 52½ அடி. விளிம்பு முதல் விளிம்பு வரை எஞ்சுவது 47½ அடி. வேண்டுவதோ 59 அடி. ஆக, இம்மனையில் எம்மூலைக்கு எம்மூலை வைத்தாலும் குடிஜலக் கிணறும் உறிஞ்சு குழியும் விதிப்படி சேர்ந்திருக்க இயலாது.

மேலும், குழி 8 அடியில் முடிவதால் வீடு 28-ஆவது அடியிலன்றித் தொடங்கலாகாது. கிணற்றடித் தளத்துக்குப் பின்புறம் 14 அடி போக, வீட்டுக்கு எஞ்சும் ஆழம் 18 அடியே. இந்த உண்மையைக் கடைக்கால் தோண்டுமுன் அறிபவன் புத்திமான். பின் அறிபவன் கடனாளி.

இதற்குப் பரிகாரம் யாது? இரட்டைக் குழிக் கக்கூசுக்கு நிபுணர் கூறும் தூரம் குறைவு. மண் நுண்ணியதாயும், குழியின் அடி உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டராவது உயர்ந்தும் இருக்குமாயின் 3 மீட்டர் போதும். நீர்மட்டம் அதனினும் நெருங்குமாயின் 10 மீட்டர் (சுமார் 33 அடி) வேண்டும். நமது உதாரண மனையில் 47½ அடி கிடைப்பதால் இது இயலும்.

இங்கே ஓர் ஐயம் எழும்: ஓரிடத்தில் 18 மீட்டர், மற்றோரிடத்தில் 3 மீட்டர் எனின் எதனைக் கொள்வது? செப்டிக் தொட்டி வீட்டின் கழிவுநீரை மிகுதியாக ஓரிடத்தில் இறக்குவது. இரட்டைக் குழிக்கோ ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் ஜலமே செல்வது. இருவகைக்கும் ஒரே அளவன்று. பொதுவாக, இடமிருப்பின் பெரிய தூரத்தையே கொள்க. சிறிய தூரத்தைக் கொள்வதாயின் அதற்குரிய நிபந்தனைகள் யாவும் நிறைவேறினவா என்று காண்க. நிபந்தனையை விட்டு அளவை மாத்திரம் எடுத்துக்கொள்வது விதியைப் படிப்பதன்று, வளைப்பதாகும்.

7. வீட்டுக்குள் கக்கூசின் ஸ்தானம்

தற்காலத்தில் கக்கூசு வீட்டுக்குள்ளேயே அமைகிறது. அதற்கும் நெறிகள் உண்டு. அறையின் பரப்பு 1.1 சதுர மீட்டருக்கும், அகலம் 0.9 மீட்டருக்கும் குறையலாகாது. 3 அடிக்கு 4 அடி அறை இவ்வளவை மயிரிழையில் நிறைவேற்றும். ஒரு சுவராவது வெளிக்காற்றை நோக்க வேண்டும். சமையலறைக்குள் நேரே திறக்கும் கதவோ ஜன்னலோ கூடாது. சுவர் 1 மீட்டர் உயரம் வரை ஜலம் ஊறாத வழுவழுப்பான பூச்சுப் பெறவேண்டும். தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டுமேயன்றித் தாழ்வாரத்தை நோக்கியன்று.

8. துப்புரவு செய்வோர் உயிர்

முற்காலத்தில் நகரங்களில் வீட்டின் பின்புறம் குறுகிய சந்து விடப்பட்டது. மலத்தைத் தலையிற் சுமந்து செல்வோர் வீட்டுக்குள் வாராமற் போகவே அச்சந்து. இடம் குறிக்கும் விதி ஒன்று, மனிதரை இழிவு செய்யும் வழக்கத்துக்குத் துணைநின்ற காலம் அது. 1993-ஆம் வருஷத்துச் சட்டம் உலர் கக்கூசைத் தடுத்தது. 2013-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் தெளிவாகக் கூறுகிறது: மலம் முற்றும் மக்குமுன் மனிதன் கையால் அகற்ற வேண்டியிருக்குமாயின் அது சுகாதாரமற்ற கக்கூசு, அதனைக் கட்டலாகாது.

இச்சொற்றொடரின் கருத்தை ஆழ்ந்து நோக்குக. ஒரே குழியுள்ள கக்கூசு நிறைந்தால் மக்காத மலத்தையே அள்ள வேண்டிவரும். இரண்டு குழியிருந்தால் ஒன்று நிறைந்தபின் மற்றதற்கு வழி திருப்பி, முதற்குழியை 2 வருஷம் மூடிவைக்கலாம். அதற்குள் அது வாசனையற்ற எருவாகும். இரண்டாவது குழிக்கு இடம் விடுவது சட்டத்துக்கு இணங்குவதும் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பதும் ஆகும்.

செப்டிக் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதும் இச்சட்டப்படி குற்றம். முதற்குற்றத்துக்கே 2 வருஷம் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொட்டியினுள் தேங்கும் விஷவாயு ஒரு மூச்சில் உயிர்போக்க வல்லது. ஆகவே உறிஞ்சு வண்டியின் குழாய் எட்டும் இடத்தில், திறக்கத்தக்க மூடியுடன் தொட்டி அமைதல் வேண்டும். படுக்கையறைக்கடியில் தொட்டியை மறைப்பவர், பிறிதொரு நாள் அதனுள் ஒரு மனிதனை இறக்கும் நிர்ப்பந்தத்தை இன்றே கட்டிவைக்கின்றனர்.

9. சங்கம் செய்யத்தக்கவை

2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், விதிப்படி கட்டுவதாகத் தாமே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறும் முறை தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்தது. இதனால் அலைச்சல் குறைந்தது, பொறுப்போ கூடியது. முன்பு அதிகாரி கண்டு சொல்லவேண்டியதை இப்போது நாமே அறிந்து கையெழுத்திட வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். தெருவாரியாகக் கிணறு, ஆழ்குழாய், குழி இவற்றைக் குறித்த படம் ஒன்று வரைந்து சங்கக் கட்டடத்தில் மாட்டுக. வீட்டுக்கடன் மனுவுடன் தூரங்கள் குறித்த மனைப்படத்தையும் கேட்டு வாங்குக. தனித்தனி மனைகளில் இடம் போதாத தெருவில், பல வீட்டார் கூடி ஊரின் தாழ்ந்த பக்கத்தில் பொதுத் தொட்டியும், மேட்டில் பொதுக் கிணறும் அமைப்பதை ஆலோசிக்க. தனி ஒருவரால் 59 அடி விட இயலாத இடத்தில், பத்துப்பேர் சேர்ந்தால் இயலும். கூட்டுறவு என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பொருள் வேறில்லை.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. உமது வீட்டிலுள்ளது தொட்டியா, குழியா? அதன் அடி பூசப்பட்டிருக்கிறதா?
2. உமது குழிக்கு மிக அருகிலுள்ள குடிஜலக் கிணறு யாருடையது? விளிம்பு முதல் விளிம்பு வரை எத்தனை அடி?
3. மழைக்காலத்தில் உமது கிணற்றில் ஜலம் தரைமட்டத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது?
4. உமது தெருவின் சரிவு எப்பக்கம்? கிணறுகள் மேட்டிலா, பள்ளத்திலா?
5. உமது தொட்டி நிறைந்தால், ஆள் இறங்காமல் அதனைக் காலி செய்ய வழியுண்டா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என விடையிறுப்பவர், மற்ற நான்குக்கும் விடை தேடுமுன் அதனைச் சீர்செய்வாராக.